வேலையில்லாக் காலத்துத் துப்பாக்கிச் சட்டம்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் தேதி பராக் ஒபாமா அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்த நாட்டின் பெரிய பெரிய பாங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம் கண்டுகொண்டிருந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெயரும் புகழுமாக நடந்துவந்த லேமன் பிரதர்ஸ் நிறுவனம் அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் திவாலாகியிருந்தது. தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகள் தெருத்தெருவாக ஏலத்துக்கு வந்தன. மோட்டார்க் கம்பெனிகளின் தலைவர்கள் அந்த மாதத்திலேயே வாஷிங்டனுக்குப் போய்ச் சர்க்காரிடம் கை நீட்டினார்கள். இத்தனை சங்கடங்களையும் தலையில் சுமந்துகொண்டு பதவிக்கு வரப்போகிற ஒரு மனிதர், அமெரிக்க அரசியலில் எவர் தொட்டாலும் கையைச் சுடக்கூடிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டு விவகாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வாரா என்ற கேள்வியை அன்று இரு தரப்பார் கேட்டார்கள். கட்டுப்பாட்டை வேண்டியவர்கள் ஆவலோடு கேட்டார்கள். வேண்டாதவர்கள் பீதியோடு கேட்டார்கள்.

பீதியடைந்தவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்திட வேண்டும். தாம் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவரா, போதைப் பழக்கம் உள்ளவரா, மனநோய் காரணமாக நீதிமன்ற உத்தரவுக்கு உட்பட்டவரா என்பன போன்ற கேள்விகளுக்கு அதில் ஆம், இல்லை என்று விடை எழுத வேண்டும். கடைக்காரர் அந்த விவரத்தைச் சமஷ்டிப் புலனாய்வு இலாகாவான எஃப்.பி.ஐ.க்குத் தெரிவித்ததும், பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே விற்கலாம் அல்லது கூடாது என்ற பதில் வந்துவிடும். இந்த விசாரணைகள் 2007 நவம்பரில் சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம். ஒபாமா ஜெயித்த 2008 நவம்பரிலோ 15 லட்சத்துக்கு மேல். தாம் யாருடைய வேட்டைத் துப்பாக்கியையும் பறிக்கப் போவதில்லை என்று அவர் பிரசாரத்தின்போதே பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். அதை நம்பினவர்கள் கடைப் பக்கம் கூட்டமாய் வந்திருக்க மாட்டார்கள். 2009ஆம் ஆண்டில் தோட்டாவுக்கே தட்டுப்பாடு வந்து, கடைக்காரர்கள் ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று கணக்குப் பார்த்து விற்க நேர்ந்தது. நாட்டில் மற்ற வியாபாரங்களெல்லாம் படுத்துக்கிடந்த காலத்தில் செழித்த தொழில்களில் இது ஒன்று. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 10 முதல் 11 சதவீதம் வரை விதிக்கப்படும் சமஷ்டித் தீர்வை, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குகளின் பாதுகாப்புக்கே போய்ச் சேருகிறதாகையால், ஒபாமாவைக் கண்டு ஜனங்கள் கொண்ட அச்சத்தால் அந்த நாட்டு மான்களும் வாத்துகளும் லாபமடைந்தன என்று சொன்னாலும் தவறில்லை.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது ஊர்க்காவல் படைக்கு உரியதா, தனி மனிதனுக்கு உரியதா என்று இருநூறு வருஷங்களாக நடந்த வாதத்துக்கு 2008 ஜூனில்தான் சுப்ரீம் கோர்ட் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் விடை சொல்லியது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனி மனிதனின் உரிமையே என்றும், ஆனால் அந்த உரிமை வரம்பற்றதன்று என்றும் நீதிபதி ஸ்காலியா தீர்ப்பெழுதினார். வரம்பு உண்டு என்ற அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஜனநாயகக் கட்சியார், ராணுவத்தின் பாணியில் செய்யப்பட்ட சில ரகத் துப்பாக்கிகளை விற்கக்கூடாது என்ற பழைய தடையை மீண்டும் கொண்டுவருவதாகத் தங்கள் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்தத் தடை 1994ஆம் ஆண்டு ஜனாதிபதி கிளிண்டன் காலத்தில் வந்தது. பத்து வருஷ ஆயுள் கொடுத்து இயற்றப்பட்ட அது, 2004 செப்டம்பரில் புதுப்பிப்பார் இல்லாமல் காலாவதியாகிவிட்டது.

1994ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒபாமாவின் சகாக்கள் எல்லோருடைய நெஞ்சிலும் அந்த ஆண்டு வடுவாகப் பதிந்திருந்தது. துப்பாக்கித் தடைக்கான பிரேரணை பிரதிநிதி சபையில் 216க்கு 214 என்று மயிரிழையில் தப்பிப் பிழைத்தது. அதே ஆண்டு நவம்பர்த் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அந்தச் சபையில் 54 இடங்களைப் பறிகொடுத்து, நாற்பது வருஷங்களாகத் தன் கையில் வைத்திருந்த பெரும்பான்மையை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே வாஷிங்டன் ராஜ்யத்தில் தம் சொந்தத் தொகுதியில் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்தின் செல்வாக்கே அதில் பெரும் பங்கு வகித்தது என்று கிளிண்டன் பிற்காலத்தில் எழுதினார். 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அல் கோர் தமது சொந்த ராஜ்யமான டென்னஸியையும், சுரங்கத் தொழிலாளிகள் மலிந்த மேற்கு வர்ஜீனியாவையும் இழந்தபோது, துப்பாக்கியைத் தொட்டவன் கெட்டான் என்பது அக்கட்சியின் அரசியல் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 2006ஆம் ஆண்டில் பிரதிநிதி சபையைத் திரும்பப் பிடித்தபோது, கிராமாந்தரத் தொகுதிகளில் துப்பாக்கிப் பிரியர்களையே தேடிப்பிடித்து வேட்பாளர்களாக நிறுத்தினார்கள். அந்தத் தேர்தலை முன்னின்று நடத்திய ராம் இமானுவேல்தான் ஒபாமாவின் தலைமை அதிகாரியாக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார்.

ஒபாமாவுக்கே சொந்தமாக ஒரு சூடும் பட்டிருந்தது. 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நன்கொடையாளர்களின் கூட்டம் ஒன்றில் பேசுகையில், பென்சில்வேனியாவின் சிற்றூர்களில் கால் நூற்றாண்டாகத் தொழிற்சாலைகள் மூடிக் கிடப்பதால் கசந்துபோன ஜனங்கள் துப்பாக்கியையும் மதத்தையும் இறுகப் பற்றிக்கொள்கிறார்கள் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, பிறகு பல மாதங்கள் அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சிற்றூர்க்காரர்கள் பரம்பரை பரம்பரையாக வேட்டையாடுகிறவர்கள். தங்கள் வறுமைக்கு விளக்கமாகத் தங்கள் துப்பாக்கியைக் காட்டியது அவர்களுக்கு அவமானமாகப் பட்டது. வேலையிழந்தவர்களின் வாக்கும் துப்பாக்கிக்காரர்களின் வாக்கும் இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் விழுவன அல்ல, பல ஊர்களில் அவை ஒரே மனிதனின் வாக்குதான் என்பதை அந்தச் சம்பவம் புதிய ஜனாதிபதிக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டது.

ஆகவே 2009 பிப்ரவரி 25ஆம் தேதி, மெக்சிகோவின் போதைமருந்துக் கும்பல்களைப் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் பேசிய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், பழைய தடையை மீண்டும் கொண்டுவர உத்தேசம் என்று சொன்னபோது, அவருடைய கட்சிக்குள்ளேதான் முதலில் கலவரம் உண்டாயிற்று. இருக்கிற சட்டங்களை முதலில் அமல் நடத்துவோம் என்று சபாநாயகர் நான்ஸி பெலோஸி நாசூக்காகக் கதவைச் சாத்தினார். பிரதிநிதி சபையின் ஜனநாயகக் கட்சியாரில் 65 பேர் அந்த உத்தேசத்தை எதிர்த்து ஹோல்டருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் பேசின மறுநாளே செனட் சபை, தலைநகரான வாஷிங்டன் வாசிகளுக்குப் பிரதிநிதி சபையில் வாக்குரிமை தரும் மசோதாவில், அந்நகரத்தின் துப்பாக்கிச் சட்டங்களை ரத்து செய்யும் திருத்தத்தை 62க்கு 36 என்று சேர்த்துவிட்டது. அந்தச் சுமையைத் தாங்க மாட்டாமல் மசோதாவே பிரதிநிதி சபைக்குப் போகும் வழியில் படுத்துவிட்டது. ஏப்ரலில் மெக்சிகோவுக்குப் போன ஒபாமா, தடை நியாயமானதே என்று இன்னமும் கருதுவதாகவும், அதை மீண்டும் கொண்டுவருவது சுலபம் என்ற பிரமை தமக்கு இல்லை என்றும் சொல்லி அந்த அத்தியாயத்தை மூடினார்.

இதற்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்பட்ட சமாதானம், பொருளாதாரம் முதலில், மற்றவை பிறகு என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு மே மாதத்தில் நடந்த ஒரு விஷயத்தைக் கவனித்தால் இந்தச் சமாதானம் எத்தனை தூரம் செல்லும் என்பது விளங்கும். கிரெடிட் கார்டு கம்பெனிகள் திடீர் திடீரென்று வட்டியை ஏற்றிக் கடனாளிகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்று அப்போது காங்கிரஸின் முன் இருந்தது. நெருக்கடியில் சிக்கிய சாமானியனுக்கு நேரடியாக உதவக்கூடிய சட்டம், ஒபாமா மிகவும் விரும்பிய சட்டம். அதில் ஒக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் ஒரு திருத்தத்தைச் செருகினார். தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோவதானால் தோட்டாவை எடுத்துவிட்டுக் கட்டிவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ரீகன் காலத்திலிருந்து இருந்துவந்த விதியை நீக்கி, அந்தந்த ராஜ்யத்தின் சட்டம் அனுமதிக்குமானால் தோட்டா நிரம்பிய துப்பாக்கியோடும் போகலாம் என்பது அந்தத் திருத்தம். வட்டி விகிதத்துக்கும் காட்டு எருமைகள் மேயும் பூங்காவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் செனட் சபையின் நடைமுறை அதற்கு இடங்கொடுத்தது. திருத்தம் 67க்கு 29 என்று நிறைவேறிற்று. பிரதிநிதி சபையின் தலைவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: மசோதாவை இரு துண்டாக்கித் தனித்தனியே வாக்குக்கு விட்டார்கள். கடன் அட்டைப் பகுதிக்கு 361 பேரும், துப்பாக்கிப் பகுதிக்கு 279 பேரும் ஆதரவளித்தார்கள். பிறகு இரண்டு துண்டுகளும் ஒரே சட்டமாக ஒட்டப்பட்டு, மே 22ஆம் தேதி ஜனாதிபதியின் கையெழுத்தைப் பெற்றன. துப்பாக்கியைக் கட்டுப்படுத்த நேரமில்லை என்று சொன்ன அதே நெருக்கடிக் காலத்தில், நெருக்கடிக்கென்று போட்ட சட்டத்தின் முதுகிலேயே ஏறிக்கொண்டு துப்பாக்கிக் கட்டுப்பாடு தளர்ந்தது. மறு ஆண்டு ஜனவரியில், கட்டுப்பாட்டுக்காகப் பாடுபடும் பிரேடி இயக்கம், புதிய ஜனாதிபதியின் முதல் ஆண்டு வேலைக்குத் தேறவில்லை என்று மதிப்பெண் போட்டது.

இந்த மௌனத்துக்குக் கிடைத்த பலன்தான் என்ன? 2010 நவம்பரில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதி சபையில் 63 இடங்களை இழந்தது. எந்தக் கிராமாந்தரத் தொகுதிகளைக் காப்பாற்றுவதற்காகத் துப்பாக்கிப் பேச்சையே விட்டார்களோ, அவற்றில் பலவும் வேலையில்லாத் திண்டாட்டத்தின் பேரிலும் ஒபாமா கொண்டுவந்த வைத்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் பேரிலும் கைமாறிப்போயின.

நெருக்கடிக்கும் துப்பாக்கிச் சாவுக்கும் உள்ள உறவோ, மேடைப் பேச்சுகளில் வருவதைவிடச் சிக்கலானது. 2009 ஏப்ரல் 3ஆம் தேதி நியூயார்க் ராஜ்யத்தின் பிங்ஹாம்டன் நகரில், குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நிலையத்தில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக்கொன்றான். மறுநாள் பிட்ஸ்பர்க்கில் இன்னொருவன் மூன்று போலீஸ்காரர்களைக் கொன்றான். இரண்டு பேருமே வேலையிழந்தவர்கள். இவற்றைக் கண்டவர்கள் வறுமை கொலையை வளர்க்கிறது என்று சுலபமாக முடிவு கட்டினார்கள். ஆனால் அந்த ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நாட்டில் கொலைகள் முந்தின ஆண்டைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்திருந்தன. குறையாதது தற்கொலை. அந்த ஆண்டில் துப்பாக்கியால் மாண்ட சுமார் 31,000 பேரில் 18,000க்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வீடும் உத்தியோகமும் போன ஒரு நடுத்தர வயது மனிதனின் கையெட்டும் தூரத்தில், தவறாத ஓர் ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பதே பல சமயங்களில் அவன் பிழைப்பதையும் மடிவதையும் நிர்ணயிக்கிறது. பொருளாதார மந்தமும் துப்பாக்கியும் சந்திக்கும் உண்மையான இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். இரு கட்சியாரும் மிகக் குறைவாகப் பேசியதும் இதைப் பற்றித்தான்.

பெரும் படுகொலைகள் நடக்கும்போது மட்டும் சட்டம் சிறிது அசையும். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து படித்து முன்னேறி, அங்கே நீரியல் கற்பித்துவந்த நம்மவரான பேராசிரியர் ஒருவரும் அன்று வகுப்பறையிலேயே உயிரிழந்தார். மனநோய் காரணமாகத் துப்பாக்கி வாங்கும் தகுதியை இழந்திருந்த கொலைகாரன் கடையில் எப்படி வாங்கினான் என்று ஆராய்ந்ததில், அவனைப் பற்றிய நீதிமன்றத் தகவல் எஃப்.பி.ஐ.யின் பட்டியலுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யும் சட்டத்தில் தேசிய ரைபிள் சங்கத்தின் சம்மதத்தோடு, 2008 ஜனவரியில், ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார்.

பொருளாதாரம் முதலில் என்ற சமாதானத்துக்குத் திரும்பினால், பஞ்சகாலத்தில் துப்பாக்கிச் சட்டம் செய்ய முடியாது என்பது சரித்திரத்துக்கு ஒத்த வாதமன்று. அமெரிக்கா கண்ட ஆகப் பெரிய மந்தத்தின் நடுவில், தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லாதிருந்த 1934ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதிதான், அந்த நாட்டின் முதல் பெரிய சமஷ்டித் துப்பாக்கிச் சட்டம் பிறந்தது. மதுவிலக்குக் காலத்தில் கொழுத்த கொள்ளைக் கூட்டங்கள் தெருவிலே இயந்திரத் துப்பாக்கியோடு திரிந்தன; 1929ஆம் ஆண்டு சிகாகோவில் ஒரு மோட்டார்க் கொட்டகைக்குள் ஏழு பேரைச் சுவரோடு நிறுத்திச் சுட்டதை நாடு மறந்திருக்கவில்லை; பதவியேற்க இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையே 1933 பிப்ரவரியில் மயாமியில் ஒருவன் சுட்டான், அவர் தப்பினார், உடனிருந்த சிகாகோ மேயர் செர்மாக் காயம்பட்டுச் சில வாரங்களில் இறந்தார். ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ், துப்பாக்கியைத் தடுக்கச் சமஷ்டி சர்க்காருக்கு அதிகாரம் உண்டா என்ற வாதத்துக்குள் போகாமல், வரி போட அதிகாரம் உண்டல்லவா என்று பக்க வாசலால் புகுந்தார். இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கி, சைலென்ஸர் இவை ஒவ்வொன்றும் கைமாறும்போது 200 டாலர் வரி செலுத்திப் பதிவு செய்யவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அன்றைய விதி. அன்று ஒரு தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே வரி என்பது பெயருக்கு, தடை என்பதே பொருள்.

கம்மிங்ஸின் முதல் மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன என்பது இன்று பலருக்கும் வியப்பளிக்கும். வரி மசோதாவாதலால் அது வருமான வழிகளை ஆராயும் குழுவின் முன் வந்தது; சாட்சியம் சொல்ல வந்த ரைபிள் சங்கத் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக், 1920 ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுவதில் தங்கப் பதக்கம் பெற்றவர். எல்லோரும் கண்டபடி துப்பாக்கி ஏந்தித் திரிவதில் தமக்கு நம்பிக்கை இல்லை, அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார் என்றால், அந்தக் காலத்துச் சங்கம் பிற்காலத்துச் சங்கத்தினின்றும் எவ்வளவு வேறுபட்டது என்று ஊகிக்கலாம். ஆனாலும் கைத்துப்பாக்கிக்குப் பதிவு என்றதும் அவரது சங்கம் அங்கத்தினர்களைக் கிளப்பிவிட்டது. எதிர்ப்புக் கடிதங்களும் தந்திகளும் குவிந்தன. கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது. கொள்ளைக்காரனின் இயந்திரத் துப்பாக்கிக்காகப் பரிந்து பேசத் தொகுதியில் வாக்காளர் இல்லை. வீட்டு மேஜை அறையில் கிடந்த கைத்துப்பாக்கிக்கோ ஆயிரக்கணக்கானவர் இருந்தார்கள். மந்தம் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

இதே கணக்கைப் பிற்காலத்திலும் காணலாம். 2012 டிசம்பரில் கனெக்டிகட் ராஜ்யத்து நியூடவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபின், இரண்டாம் முறை ஜெயித்திருந்த ஒபாமா தம் முழு பலத்தையும் இதில் செலுத்தினார். பொருளாதாரம் அப்போது தேறிக்கொண்டிருந்தது. வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. தடையைக்கூட விடுங்கள், துப்பாக்கிச் சந்தைகளில் விற்பவற்றுக்கும் எஃப்.பி.ஐ. விசாரணை வேண்டும் என்ற எளிய பிரேரணையே 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்குப் பெற்றும், 60 வேண்டும் என்ற அச்சபையின் வழக்கத்தால் விழுந்தது. அன்று சுமார் ஐந்தேமுக்கால் லட்சம் பேர் வாழ்ந்த வயோமிங்குக்கும் சுமார் மூன்று கோடியே எண்பது லட்சம் பேர் வாழ்ந்த கலிபோர்னியாவுக்கும் அச்சபையில் ஆளுக்கு இரண்டே பேர் என்ற ஏற்பாட்டில் இது நடக்கக் கூடியதுதான். எதிர்த்து வாக்களித்தவர்களுள் மறு ஆண்டு தேர்தலை எதிர்நோக்கியிருந்த அலாஸ்கா, அர்க்கன்ஸா ஜனநாயகக் கட்சி செனட்டர்களும் உண்டு. அந்தத் தேர்தலில் அவர்கள் இருவரும் தோற்றே போனார்கள்.

விலைவாசி நாற்பது வருஷங்களில் காணாத உச்சத்தைத் தொட்டு, பெட்ரோலுக்கும் ரொட்டிக்கும் ஜனங்கள் அல்லாடிய 2022 ஜூன் மாதத்திலோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் முதல் முறையாகக் குறிப்பிடத்தக்க ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. பஃபலோவில் கடைக்குப் போன 10 பேரும், டெக்ஸாஸின் யுவால்டியில் 19 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் முந்தின மாதத்தில் கொல்லப்பட்டிருந்தார்கள். 21 வயது நிரம்பாதவர் வாங்கவந்தால் விசாரணையைக் கூடுதலாக்குவது, ஆபத்தானவரின் கையிலிருந்து நீதிமன்ற உத்தரவின் பேரில் துப்பாக்கியை வாங்கி வைக்கும் ராஜ்யங்களுக்குப் பணம் தருவது, மனநல வைத்தியத்துக்கு நிதி ஒதுக்குவது என்ற அளவில் மிதமான சட்டம்தான். செனட்டில் அதை ஆதரித்த 65 பேரில் 15 பேர் குடியரசுக் கட்சியார். அந்தப் பதினைவரில் சிலர் பதவியை விட்டு ஓய்வு பெறப் போகிறவர்கள், அவ்வாண்டு நவம்பரில் மறுபடியும் வாக்காளர்களின் முன் போய் நிற்க வேண்டியிருந்தவர்கள் இரண்டே பேர்.